படகு மோட்டார் க்ளைமும் மறுப்புக் கடிதமும்

படகு மோட்டாருக்கும் பருப்பு மூட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று நம் மளிகைக் கடை அன்பர்கள் கேட்கலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனி மறுப்புக் கடிதம் எழுதும் விதத்தில் இரண்டும் ஒன்றே. கடலோர ஊர்களில் கருவாட்டு வரத்துக்காகப் படகு வைத்திருக்கும் வியாபாரிகள் நம்மில் பலர் உண்டு. நாங்களும் அப்படித்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பைபர் படகு கரை திரும்பும்போது முகத்துவாரத்தில் அலை தூக்கியடித்துக் கவிழ்ந்துவிட்டது. ஆட்கள் நீந்திக் கரையேறினார்கள். அவுட்போர்டு மோட்டார் மட்டும் வெகுநேரம் உப்புத் தண்ணீரில் கிடந்து பிஸ்டன் இறுகிப்போயிற்று. பிரீமியம் தவறாமல் கட்டிய பாலிசி இருந்தது. க்ளைம் போட்டோம். சர்வேயர் வந்தார், பார்த்தார், போனார். அதன் பிறகு ஒரு கடிதம் வந்தது: பழுது சாதாரணத் தேய்மானத்தால் ஏற்பட்டது, ஆகவே பணம் தருவதற்கில்லை.

இந்த மறுப்பு வானத்திலிருந்து வந்ததல்ல. கடல் இன்ஷூரன்ஸ் சட்டம் 1963, 55ஆம் பிரிவில் இதற்கு இடம் இருக்கிறது. சாதாரணத் தேய்மானத்துக்கும், கடல் ஆபத்தை நேர்க் காரணமாகக் கொள்ளாத இயந்திரப் பழுதுக்கும் கம்பெனி பொறுப்பல்ல என்கிறது அது. இயந்திரம் பற்றிய இந்த விதிக்குப் பின்னால் ஒரு பழைய வழக்கு உண்டு. இஞ்ச்மரீ என்ற கப்பலில் தண்ணீர் ஏற்றும் பம்பின் வால்வு மூடியிருந்ததால் அழுத்தம் தாங்காமல் பம்பு வெடித்தது. இது கடல் ஆபத்தல்ல, கரையிலும் நடக்கக்கூடியதே என்று 1887இல் இங்கிலாந்து பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. கப்பல்காரர்கள் கலங்கிப்போய், மறைந்திருக்கும் குறைபாடு, மாலுமியின் கவனக்குறைவு போன்றவற்றுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று தனி ஷரத்து எழுதி வாங்கினார்கள். அதற்கு இன்றும் இஞ்ச்மரீ ஷரத்து என்றே பெயர். உங்கள் பாலிசியில் அந்த ஷரத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நாங்கள் க்ளைம் மறுக்கப்பட்ட பிறகுதான் பாலிசியை முழுதாகப் படித்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

ஆக, கேள்வி ஒன்றுதான்: மோட்டார் கெட்டதற்கு நேர்க் காரணம் என்ன? பழைய மோட்டார் என்பதால் மட்டும் அது தேய்மானம் ஆகிவிடாது. பழைய மோட்டாரும் அலையில் மூழ்கினால் அது கடல் ஆபத்தே. படகோட்டியின் கவனக்குறைவு இல்லாதிருந்தால் நஷ்டமே வந்திராது என்றாலும், நேர்க் காரணம் கடல் ஆபத்தாக இருந்தால் கம்பெனி பொறுப்பு என்றும் அதே பிரிவு சொல்கிறது. முதலாளியே வேண்டுமென்று செய்தால்தான் கதவு அடைபடும்.

இதை நிரூபிக்கக் காகிதம் வேண்டும். சிலிண்டருக்குள் உப்புத் தண்ணீர் இருந்ததை மெக்கானிக்கிடம் எழுத்தில் வாங்கினோம். அதற்கு முந்தைய சர்வீஸ் பில்களைத் தேடி எடுத்தோம். ஏஜெண்டிடம் போனில் சத்தம் போட்டதில் ஒன்றும் நடக்கவில்லை. சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்பிய பிறகுதான் விஷயம் நகர்ந்தது. அறிக்கையில் படகு கவிழ்ந்தது பற்றி ஒரு வரிகூட இல்லை! சர்வேயர் சொல்வதே முடிந்த முடிவு அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009இல் பிரதீப் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினோம். மறுபடியும் மறுப்பே வந்தது.

அடுத்து இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். தனிநபர் பாலிசிக்கு மட்டுமல்ல, ஒருவரே முதலாளியாக உள்ள கடைக்கும் குறுந்தொழிலுக்கும் எடுத்த பாலிசிக்கும் அங்கே போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. முதலில் கம்பெனிக்கு எழுத்தில் முறையிட்டு, மறுப்பு வந்திருக்க வேண்டும் அல்லது ஒரு மாதம் பதில் இல்லாதிருக்க வேண்டும். அதன்பின் ஓராண்டுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். அதே விஷயம் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ இருக்கக் கூடாது. தமிழ்நாட்டுக்குரிய அலுவலகம் சென்னையில் உள்ளது.

விசாரணை நாளன்று கம்பெனித் தரப்பில் புதிதாக ஒன்றைக் கிளப்பினார்கள். சர்வேயர் வருமுன்பே மோட்டாரைப் பிரித்து நல்ல தண்ணீரில் கழுவிவிட்டோமாம், சாட்சியம் கெட்டுவிட்டதாம். கழுவியது உண்மைதான். உப்புத் தண்ணீர் குடித்த மோட்டாரை அப்படியே விட்டால் துரு மிச்சத்தையும் தின்றுவிடும். நஷ்டத்தைக் குறைக்க நியாயமான முயற்சி எடுப்பது பாலிசிதாரரின் கடமை என்று 78ஆம் பிரிவே சொல்கிறது. மெக்கானிக் பழைய பாகங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்ததும் பிரிக்கும்போது எடுத்த படங்களும் எங்களைக் காப்பாற்றின. மேலும், மறுப்புக் கடிதத்தில் இல்லாத காரணத்தைப் பிற்பாடு சேர்க்க முடியாது என்று 2019இல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. கடிதத்தில் இருந்தது தேய்மானம் ஒன்றுதானே என்று கேட்டோம். பதில் இல்லை.

ஆம்புட்ஸ்மேன் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். நமக்குத் திருப்தியில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு, அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளவும். வியாபாரத்துக்கு எடுத்த பாலிசி என்பதால் நீ நுகர்வோர் அல்ல என்று யாராவது சொன்னால் அஞ்ச வேண்டாம். தீ விபத்து போன்ற நஷ்டத்தை ஈடுகட்டவே வியாபாரி பாலிசி எடுக்கிறார், லாபம் பண்ண அல்ல என்று ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் 2023இல் முடிவாகிவிட்டது. கிடங்குச் சரக்குக்குப் பாலிசி எடுத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கு இது பெரிய துணை.

எங்களுக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. பணம் தரும்போது பாகங்களுக்குத் தேய்மானம் கழித்தார்கள், பாலிசிதாரர் ஏற்க வேண்டிய முதல் தொகையையும் கழித்தார்கள். அதற்கு நாங்கள் சண்டை போடவில்லை. அது பாலிசியில் எழுதியிருந்தது.