வானம் காட்டும் இடமும் வரைபடம் காட்டும் வழியும்



பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரிலிருந்து கேமரன் மலைக்குப் புறப்படும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம். மகன் தன் கைத்தொலைபேசியைக் காரின் முன்புறத்தில் பொருத்திவிட்டு, "எல்லாத்தையும் இதுவே சொல்லும்ப்பா. நீங்க ஓட்டினா போதும்" என்கிறான். தந்தையோ, டாஷ்போர்டில் மடித்து வைத்திருந்த பழைய சாலை வரைபடத்தை எடுத்து விரிக்கிறார். "தாப்பா வழியா, சிம்பாங் பூலாய் வழியா? அதை முதல்ல பார்த்துக்குவோம்" என்கிறார்.

இவ்விருவரில் யார் சொல்வது சரி? வானத்திலுள்ள செயற்கைக்கோளை நம்புவதா, கையிலுள்ள காகிதத்தை நம்புவதா? வருங்காலத்தில் காகித வரைபடத்துக்கு வேலை இருக்குமா? இவற்றையே இன்று நாம் ஆராயவிருக்கிறோம்.

வழி தேடும் எவருக்கும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. "நாம் இப்போது எங்கே இருக்கிறோம்?" என்பது ஒன்று. "போகவேண்டிய இடத்துக்கு எந்தச் சாலை செல்கிறது?" என்பது மற்றொன்று. செயற்கைக்கோள் முதற்கேள்விக்கு மட்டுமே விடை தருகிறது. இரண்டாவது கேள்விக்கு விடை சொல்வது வரைபடம். அது காகிதத்தில் இருந்தாலும் சரி, கைத்தொலைபேசியின் திரையில் இருந்தாலும் சரி, மனிதர் அளந்து தொகுத்த வரைபடமே ஆகும். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால், மற்றவை எளிதில் விளங்கிவிடும்.

செயற்கைக்கோள் நம்மை மேலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. அந்த முறை நம் வானொலியைப் போன்றதே. வானொலி நிலையம் ஒலிபரப்புகிறது. வீட்டிலுள்ள பெட்டி அதைக் கேட்கிறது. யார் கேட்கிறார்கள் என்பது நிலையத்துக்குத் தெரியாது. அவ்வாறே, ஜி.பி.எஸ். எனப்படும் அமெரிக்க முறையின் செயற்கைக்கோள்கள், ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் உலகைச் சுற்றியபடி, தாம் இருக்கும் இடத்தையும் சரியான நேரத்தையும் ஓயாமல் ஒலிபரப்புகின்றன. நம் கையிலுள்ள கருவி அதைக் கேட்டுக் கணக்கிடுகிறது.

கணக்கு எப்படி? மாலை மழைக்கு முன் மின்னல் வெட்டுகிறது. சற்றுப் பொறுத்து இடி கேட்கிறது. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். மூன்று விநாடி கழித்து இடி கேட்டால், மின்னல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் விழுந்திருக்கிறது என்று அறிகிறோம். கருவியும் இதையே செய்கிறது. ஆனால் வானொலி அலை விநாடிக்கு 3,00,000 கிலோமீட்டர் செல்வதால், நேரத்தில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை நேர்ந்தாலும், தூரத்தில் 300 மீட்டர் பிழை வந்துவிடும். ஆகையால்தான் ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் அணுக் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். மூன்று செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் புலப்படும். நான்காவது எதற்கு? நம் கைக்கருவியிலுள்ள மலிவான கடிகாரத்தின் பிழையைத் திருத்துவதற்கு.

இன்னொரு வியப்பும் உண்டு. ஐன்ஸ்டைனின் கொள்கைப்படி, அவ்வுயரத்தில் அவ்வேகத்தில் செல்லும் கடிகாரம், தரையிலுள்ள கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 38 பங்கு முந்திச் செல்கிறது. அதைத் திருத்தாமல் விட்டால், ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் கணக்குத் தவறிவிடும்.

இம்முறை பிறந்த கதையைச் சுருக்கமாகக் காண்போம். 1957 அக்டோபரில் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியது. அதன் அலையைக் கேட்ட அமெரிக்க விஞ்ஞானிகள், அலை மாறும் விதத்தைக் கொண்டே அது செல்லும் பாதையைக் கணித்தனர். செயற்கைக்கோளின் பாதை தெரிந்தால் தரையிலுள்ளவரின் இடத்தை அறியலாமே என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்தது. முதல் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் 1978-இல் ஏவப்பட்டது. அது இராணுவத்துக்காக அமைந்த முறையாகும்.

1983 செப்டம்பர் முதல் நாள், ஒரு கொரியப் பயணிகள் விமானம் வழி தவறிச் சோவியத் வான்வெளிக்குள் புகுந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 269 பேரும் மாண்டனர். அந்தத் துயரத்துக்குப் பின்னரே, இம்முறை முழுமையடைந்ததும் பொதுமக்களும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. 1995-இல் அது முழுமை பெற்றது. எனினும், பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பினர். இடம் நூறு மீட்டர் வரை தவறியது. அந்தப் பிழை 2000 மே மாதத்தில் நீக்கப்பட்டது. நம் கார்களில் வழிகாட்டும் கருவி பெருகியது அதன் பிறகுதான்.

சரி, இது எவ்வளவு நம்பத்தக்கது? திறந்த வெளியில் நல்ல கைத்தொலைபேசி சில மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். அந்த அளவில் எந்தக் காகித வரைபடமும் அதற்கு ஈடாகாது. ஆனால் இடத்தைச் சரியாகச் சொன்ன கருவியே மனிதரைத் தவறான சாலையில் இட்டுச் சென்ற நிகழ்ச்சிகள் பல உண்டு.

2012 டிசம்பரில், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் காவல் துறை ஓர் எச்சரிக்கை விடுத்தது. மில்டுரா என்னும் நகரத்தை, கைத்தொலைபேசி வரைபடம் ஒன்று, நகரிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தள்ளி, வறண்ட தேசியப் பூங்காவின் நடுவில் காட்டியது. அதை நம்பிச் சென்ற சிலர் நீரின்றி அங்கே சிக்கிக்கொண்டனர். செயற்கைக்கோளின் பிழையா? இல்லை. வரைபடத்தின் பிழை.

அதைவிடக் கொடியது 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் டெத் வேலி பாலைநிலத்தில் நடந்தது. கருவி காட்டிய பாதையில் சென்ற ஒரு தாயின் வண்டி மணலில் புதைந்தது. ஐந்து நாட்களுக்குப் பின் அவரை மீட்டனர். சிறுவனான மகன் இறந்துவிட்டான். என்றோ கைவிடப்பட்ட பாதைகளும் கருவியின் வரைபடத்தில் சாலைகளாகவே இருந்தன. மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்று நம் முன்னோர் சொன்னது வீண்போகவில்லை.

இவை வரைபடத்தின் குறைகள். வானத்து அலைக்கும் குறைகள் உண்டு. செயற்கைக்கோள் அனுப்பும் அலையின் ஆற்றல் சில பத்து வாட் அளவே. வீட்டு விளக்கின் அளவு என்று சொல்லலாம். அது இருபதாயிரம் கிலோமீட்டர் கடந்து வருவதற்குள் மிக மெலிந்துவிடுகிறது. சுரங்கச் சாலைக்குள் அது நுழையாது. உயர்ந்த கட்டடங்களுக்கு இடையே சுவர்களில் பட்டுத் திரும்பி வருவதால், நம்மைப் பக்கத்துத் தெருவில் காட்டிவிடும். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நம் வட்டாரத்தில், சூரியன் மறைந்த பிறகு வானத்தின் மின்னேற்ற அடுக்கு கலங்கும்போதும் அலை தடுமாறுவதுண்டு. 2024 மே மாதம் பெரும் சூரியப் புயல் வீசியபோது, அமெரிக்காவில் ஜி.பி.எஸ். துணையுடன் விதைத்துக்கொண்டிருந்த உழவு வண்டிகள் பல நின்றுபோயின.

மெலிந்த அலையைக் கெடுப்பது எளிது. அமெரிக்காவின் நுவார்க் விமான நிலையத்தில், 2012-இல் வழிகாட்டும் கருவி தடுமாறிய காரணத்தைத் தேடினர். தன் வண்டி எங்கே போகிறது என்பதை முதலாளி அறியாதிருக்க, ஓர் ஓட்டுநர் சிறிய தடுப்புக் கருவியை வண்டியில் வைத்திருந்தார். அதுவே காரணம்! அலையைத் தடுப்பதோடு நில்லாமல், பொய் அலையை அனுப்பி ஏமாற்றவும் முடியும். 2017 ஜூனில் கருங்கடலில் சென்ற இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்களின் கருவிகள், அவை கரையிலுள்ள ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின.

முறை முழுவதுமே தடுமாறுவதும் உண்டு. ரஷ்யாவின் குளோனாஸ் முறை 2014 ஏப்ரலில் பல மணி நேரம் தவறான தகவலை அனுப்பியது. ஐரோப்பாவின் கலிலியோ முறை 2019 ஜூலையில் ஏறத்தாழ ஒரு வாரம் செயலற்றுப்போனது.

நம் நாட்டில் பெரும்பாலோர் காணும் தடை வேறொன்று. கிரிக்கிலிருந்து ஜெலி செல்லும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1982-இல் திறக்கப்பட்டது. காட்டின் ஊடே செல்லும் அத்தகைய சாலைகளில், கைத்தொலைபேசி அலை அறவே கிடைக்காத இடங்கள் உண்டு. அங்கே திரை வெறுமையாகிவிட்டால், செயற்கைக்கோள் போய்விட்டது என்று எண்ணிவிடுகிறோம். செயற்கைக்கோள் போகவில்லை, வரைபடம்தான் வந்து சேரவில்லை. புறப்படுமுன் வீட்டிலேயே வரைபடத்தைத் தொலைபேசியில் இறக்கி வைத்திருந்தால், அந்த இடத்திலும் அது வழி காட்டும்.

அப்படியானால் காகிதமே மேலானதா? அதுவும் இல்லை. அச்சான நாளிலிருந்தே காகித வரைபடம் முதுமையடையத் தொடங்குகிறது. புதிய நெடுஞ்சாலையும் புதிய தாமானும் அதில் இரா. சாலை நெரிசலை அது சொல்லாது. இரவு நேரத்தில் தனியே ஓட்டுபவர் அதைப் படிக்கவும் இயலாது. ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டாம். எவரும் அதன் அலையைத் தடுக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது முழு நிலத்தையும் ஒரே பார்வையில் காட்டுகிறது. திரை காட்டுவது அடுத்த திருப்பத்தை. காகிதம் காட்டுவது மலை எங்கே, ஆறு எங்கே, நாம் போகும் ஊருக்கு அண்டை ஊர்கள் எவை என்பதை.

இதில்தான் நம் மூளையின் கதை வருகிறது. லண்டன் டாக்சி ஓட்டுநர்கள், நகர நடுவிலுள்ள ஏறத்தாழ 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து தேர்வில் தேறவேண்டும். அதற்குப் பொதுவாக மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். அவர்களுடைய மூளையில் இட நினைவுக்கு உரிய ஒரு பகுதியின் பின்பாகம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. 2017-இல் வந்த மற்றோர் ஆய்வின்படி, கருவி சொல்லும் திருப்பங்களை மட்டும் பின்பற்றும்போது, அப்பகுதி வழியைத் திட்டமிடும் வேலையில் ஈடுபடுவதில்லை. பத்து முறை போன வீட்டுக்குப் பதினோராம் முறையும் கருவியின்றிப் போகத் தெரியாமல் விழிக்கிறோமே, அதன் காரணம் இதுவாக இருக்கலாம்.

இனி வருங்காலம் எப்படி? அமெரிக்கா, ரஷ்யா, ஐரோப்பா, சீனா ஆகிய நான்கின் செயற்கைக்கோள்களையும் ஒருசேரக் கேட்கும் கைத்தொலைபேசிகள் இன்று பரவலாகிவிட்டன. ஒன்று தவறினாலும் மற்றவை கைகொடுக்கும். சுரங்கச் சாலைகளுக்குள் சிறு அலைபரப்பிகளைப் பொருத்தும் முறையும் வந்திருக்கிறது. சிங்கப்பூரில் செயற்கைக்கோள் துணைகொண்டு இயங்கும் சாலைக் கட்டண முறைக்கான புதிய கருவிகளை வண்டிகளில் பொருத்தும் பணி 2023-இல் தொடங்கியது. ஆக, இந்த முறை நம் வாழ்வில் மேன்மேலும் வேரூன்றுமே தவிர, மறையப்போவதில்லை. ஆயினும் ஒரு செய்தி நம் சிந்தனைக்குரியது. விண்மீன்களைப் பார்த்துக் கப்பல் செலுத்தும் பாடத்தைக் கைவிட்டிருந்த அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி, 2015-இல் அதை மீண்டும் கற்பிக்கத் தொடங்கியது. ஜி.பி.எஸ். முறையைப் படைத்த நாடே அதை மட்டும் நம்பியிருக்க விரும்பவில்லை.

நாம் செய்யவேண்டியவை எளியவை. புறப்படுமுன் ஐந்து நிமிடம் முழு வரைபடத்தையும் பார்த்து, எந்த ஊர்களைக் கடந்து போகிறோம் என்பதை மனத்தில் பதித்துக்கொள்வோம். சாலை எண்களை அறிந்துகொள்வோம். கோலாலம்பூரிலிருந்து வட தென் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் ஈ1, தெற்கே போனால் ஈ2. தொலைதூரப் பயணமானால் வரைபடத்தைத் தொலைபேசியில் இறக்கி வைப்போம். காரில் ஒரு காகித வரைபடமும் இருக்கட்டும். கருவி சொல்லும் பாதை குறுகி, கரடுமுரடாகி, ஆளரவமற்றுப் போனால், வந்த வழியே திரும்ப வெட்கப்படவேண்டாம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வழியிலுள்ள கடையில் நிறுத்தி ஒரு வார்த்தை கேட்போம்.

கேமரன் மலைக்குப் புறப்பட்ட குடும்பத்துக்கு வருவோம். மகனும் சரி, தந்தையும் சரி. மகனின் கருவி அவர்கள் இருக்கும் இடத்தைச் சொல்லட்டும். தந்தையின் வரைபடம் போகும் வழியை விளக்கட்டும். பின்னிருக்கையிலிருக்கும் சிறு பிள்ளைகளின் கையில் அந்தக் காகிதத்தைக் கொடுத்து, "அடுத்து என்ன ஊர் வரும், சொல்லு பார்ப்போம்" என்று கேட்டுப் பாருங்கள். கருவி ஓய்ந்துபோகும் ஒரு நாளில், அந்தப் பிள்ளைகள் வழி தெரியாமல் நிற்க மாட்டார்கள்.