கொல்லைப் பூவும் கூடத்து அலங்காரமும்

(வானொலியில் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்)



நெல்லைப் பற்றிப் பேச வேண்டிய ஆள் பூவைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நினைப்பீர்கள். நம்ம தஞ்சைச் சீமைக்கும் வானொலிக்கும் உள்ள உறவு நெல்லில்தான் வளர்ந்தது. 1960-களில் ஆடுதுறை 27 என்ற ரகம் வந்தபோது அதன் சேதி திருச்சி வானொலி வழியாக ஊர் ஊராகப் பரவி, அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் விழுந்துவிட்டது. பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இன்றைக்கு நான் சொல்ல வந்தது உங்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றடியில், வேலியோரத்தில் பூக்கிற பூக்களைப் பற்றி. அவற்றை வெட்டி வீட்டு விசேஷத்துக்கு அழகாக வைப்பது எப்படி, வைத்த பூ பந்தி முடிவதற்குள் தலை தொங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதுதான் விஷயம்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொன்னால் பொய். பட்டுத் தெரிந்துகொண்டேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், வெண்ணாற்றங்கரையில் ஒரு கிராமம். நான் அடிக்கடி போய்வரும் ஒரு விவசாயி வீட்டில் மூத்த பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். வைகாசி மாதம். அந்த வீட்டுக் கொல்லையில் சம்பங்கி இரண்டு பாத்தி, நாட்டு ரோஜா, காகிதப்பூ, செண்டுமல்லி, கோழிக்கொண்டை எல்லாம் உண்டு. தென்னை நிழலில் ஹெலிகோனியா வேறு. வாழை மாதிரி இலையும், கிளிமூக்கு மாதிரி வரிசையாகச் சிவந்த மடலும் விடுமே, அதுதான். "இவ்வளவு பூவை வெச்சுக்கிட்டு தஞ்சாவூர் பூக்காரத் தெருவில போய்ப் பணத்தைக் கொட்டுவானேம்மா, வீட்டுப் பூவே போதும்" என்று சொன்னவன் நான்தான்.

முதல் நாள் உச்சி வெயிலில் வெட்டினோம். அப்போதுதான் ஆள் கிடைத்தது. வெட்டியதைக் கோணிச் சாக்கில் பரப்பி, கட்டுக் கட்டி, அண்டாவில் தண்ணீர் ஊற்றி நிறுத்துவதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது. வெயில் படாத இடம் என்று உள்ளறையில் கொண்டுபோய் வைத்தோம். அதே அறையில் மூட்டம் போட்டு எடுத்த பூவன் தார் நாலும், ஒரு கூடை மாம்பழமும் இருந்தன. ஹெலிகோனியா ஒசத்தியான பூ ஆயிற்றே என்று அதை மட்டும் ஃபிரிட்ஜுக்குள் பத்திரப்படுத்தினேன்.

விடியற்காலம் கதவைத் திறந்தால் காகிதப்பூ அத்தனையும் தரையில் கிடக்கிறது. ரோஜா கை பட்டவுடனே உதிர்கிறது. சம்பங்கித் தண்டு கழுத்து மடங்கி நிற்கிறது. ஃபிரிட்ஜில் இருந்தது ஓரமெல்லாம் கருத்து, வெந்த கீரை மாதிரி ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பத்து மணிக்கு வருகிறார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்து, "என்ன தம்பி, நீங்க சொன்னீங்கன்னுதானே வெளியில பூ சொல்லாம இருந்தேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பூக்காரத் தெருவுக்கு ஓடினேன். முகூர்த்த நாள். கேட்ட விலையைக் கொடுத்து, கிடைத்ததை அள்ளிக்கொண்டு வந்தேன். வீட்டுப் பூவில் பிழைத்தது கோழிக்கொண்டையும் செண்டுமல்லியும் மட்டுந்தான்.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். பயிர்க் கணக்கில் யோசித்தால் எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது.

வெட்டிய பூவும் உயிருள்ள பயிர்தான். வேர் இல்லையே தவிர, அது மூச்சு விடுகிறது; இலை வழியாகவும் இதழ் வழியாகவும் தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கிறது. போகிற தண்ணீருக்கு ஈடாகத் தண்டு வழியே தண்ணீர் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் தலை தொங்கும். அவ்வளவுதான் சூத்திரம்.

ஏறாமல் போவது எதனால்? உங்கள் பம்புசெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். புட்வால்வு ஒழுகி, குழாய்க்குள் காற்றுப் பிடித்துவிட்டால், மோட்டார் என்னதான் ஓடினாலும் தண்ணீர் வராது இல்லையா? பூத்தண்டுக்குள்ளும் மயிரிழைக் குழாய்கள் இருக்கின்றன. பகல் நேரத்தில் அவற்றுள் இருக்கும் தண்ணீர், மேலிருந்து இலை இழுப்பதால் ரப்பர் மாதிரி இழுபட்ட நிலையில் நிற்கும. வெட்டிய கணமே அது உள்ளே வாங்கிக்கொள்ள, வெட்டுவாய் வழியாகக் காற்று நுழைந்துவிடும். அதற்கப்புறம் அண்டாத் தண்ணீரில் கழுத்தளவு நிறுத்தினாலும் குடிக்காது. பம்புக்குக் காற்றை வெளியேற்றுகிற மாதிரி இதற்கும் ஒரு வைத்தியம் உண்டு. தண்டின் அடியை ஒரு வாளித் தண்ணீருக்குள் முக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே ஒரு அங்குலம் சாய்வாக வெட்டி விடுங்கள். காற்று அடைத்த துண்டு போய்விடும். சாய்வாக வெட்டினால் வெட்டுவாய் பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு அடைபடாது. கத்தி கூராக இருக்க வேண்டும். மொண்ணைக் கத்தி தண்டை நசுக்கிவிடும். நசுங்கிய குழாயில் தண்ணீர் எப்படி ஏறும்?

ஆகவே உச்சி வெயிலில் வெட்டவே கூடாது. விடியற்காலம், பனி ஈரம் இருக்கும்போது செடி வயிறு முட்டத் தண்ணீர் குடித்து நிற்கும். அப்போது வெட்டுங்கள். சாயங்காலம் வெட்டினால் பகலெல்லாம் இலை சமைத்த சர்க்கரை தண்டில் இருக்கும், அதனால் தாங்கும் என்பதும் உண்மைதான். நம்ம ஊர் வெக்கைக்கு நான் விடியற்காலத்துக்கே ஓட்டுப் போடுவேன். எப்போது வெட்டினாலும் வாளித் தண்ணீரைச் செடி பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்துக்கொண்டு, வெட்ட வெட்ட அதில் போடுங்கள். சாக்கில் பரப்புகிற வேலையே வேண்டாம்.

அடுத்தது பழம். வாழைத்தாரை ஏன் மூட்டம் போடுகிறோம்? புகையில் எத்திலீன் என்று ஒரு வாயு இருக்கிறது. அதுதான் காயைப் பழுக்க வைக்கிறது. பழுக்கும் பழம் தானும் அதே வாயுவை விடும். 1901-ம் வருஷம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் நெல்யுபோவ் என்ற மாணவர், விளக்கு வாயு கலந்த காற்றில் பட்டாணி நாற்று நேரே வளராமல் கோணுவதைப் பார்த்து, அதற்கு எத்திலீன்தான் காரணம் என்று எடுத்துக்காட்டினார். நம்ம பாட்டனார்கள் வாயுவின் பெயர் தெரியாமலே அதை வேலைக்கு வைத்திருந்தார்கள். ஆனால் காயைப் பழுக்க வைக்கிற அதே வாயு பூவைக் கிழமாக்கிவிடும். இதழை உதிரச் செய்யும். காகிதப்பூவும் ரோஜாவும் உதிர்ந்தது அதனால்தான். கல்யாண வீட்டில் பூ ஓர் அறை, பழம் ஓர் அறை. நடுவில் கதவு சாத்தியிருக்கட்டும். வாடின பூவையும் நல்ல பூவோடு வைக்காதீர்கள்; வாடின பூவும் அந்த வாயுவை விடும்.

ஃபிரிட்ஜ் விஷயம் பலருக்கும் தெரியாது. மல்லிகையும் ரோஜாவும் குளிர்ச்சியில் தாங்கும். ஆனால் ஹெலிகோனியா, ஆந்தூரியம், இஞ்சி இனத்துப் பூக்கள் எல்லாம் வெப்ப நாட்டுப் பிறவிகள். 10 டிகிரிக்குக் கீழே போனால் குளிர் தாக்கிக் கருத்துவிடும். வாழைப்பழத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் தோல் கருக்கிறதே, அதே கதை. இவற்றுக்கு நிழலும் ஈரத் துணியும் போதும்.

இனிப் பாத்திரம், தண்ணீர். குடமோ தவலையோ, உட்புறத்தைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். உள்ளே கை விட்டால் வழவழ என்று இருக்கக்கூடாது. அந்த வழவழப்பு பூராவும் நுண்கிருமி. வாய்க்கால் தூர்ந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாத மாதிரி, கிருமி பெருகித் தண்டின் வாயை அடைத்துவிடும். தண்ணீருக்குள் முங்குகிற இலையை எல்லாம் உருவி எறிந்துவிட வேண்டும். அழுகுவது அதுதான் முதலில். இரண்டு மூன்று நாள் வைக்க வேண்டுமானால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு நாலு தேக்கரண்டி சர்க்கரை, அரை மூடி எலுமிச்சைச் சாறு, துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவம் கால் தேக்கரண்டிக்கு மிகாமல். பிளீச்சிங்கை முதலில் தண்ணீரில் கரைத்துவிட்டு மற்றதைச் சேர்க்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் பிளீச்சிங்கையும் எலுமிச்சையையும் நேராகக் கலக்கவே கூடாது, மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். சர்க்கரை மட்டும் போடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், பூவுக்கு முன்னால் கிருமி சாப்பிட்டுவிடும். ஒருநாள் விசேஷத்துக்கு இந்த வம்பெல்லாம் தேவையில்லை, நல்ல தண்ணீரே போதும்.

பூவுக்குப் பூ குணம் வேறு. சம்பங்கியில் அடிப் பூ இரண்டு மூன்று விரிந்ததும் தண்டோடு வெட்டுங்கள்; மீதி மொட்டு குடத்தில் மேல்நோக்கி ஒவ்வொன்றாக விரியும். வாடிய அடிப் பூவைக் கிள்ளிக்கொண்டே வந்தால் பார்க்கப் புதுசாகவே இருக்கும். ஹெலிகோனியா அப்படி இல்லை. வெட்டிய பிறகு மேற்கொண்டு மடல் விரிக்காது. எந்த அளவு விரிந்தால் உங்களுக்கு வேண்டுமோ அந்த அளவு செடியிலேயே விட்டு வெட்டுங்கள். மடலுக்குள் எறும்பும் அழுக்குத் தண்ணீரும் இருக்கும், தலைகீழாக முக்கிக் கழுவுங்கள். செம்பருத்தி தண்ணீரில் வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரு நாள்தான்; தட்டில் பறித்து வைத்து ரசியுங்கள். கல்வாழையும் நம்பத் தகுந்ததல்ல. நந்தியாவட்டை, அலமண்டா மாதிரிப் பால் வடியும் கிளைகளில் பால் உறைந்து வாயை அடைக்கும். வெட்டின நுனியை விளக்குச் சுடரில் பத்து விநாடி காட்டிவிட்டு வையுங்கள்.

தாமரை கேட்டு ஒரு தாயார் கடிதம் போட்டிருந்தார். குளத்தில் பறித்த மொட்டு வீட்டுக்கு வந்து பெரும்பாலும் தானாக விரியாது, மூடினபடியே கருக்கும். அதனால்தான் பூ விற்பவர்கள் வெளி இதழை விரலால் ஒவ்வொன்றாக மடக்கிவிடுகிறார்கள். மடக்கியதும் உள்ளே மஞ்சள் பொகுட்டு தெரியும், விரிந்த பூ மாதிரி இருக்கும். அன்றைக்குப் பறித்து அன்றைக்கே வைக்க வேண்டியது அது. அல்லி ராத்திரிப் பூ. பத்து மணி முகூர்த்தத்துக்கு நம்பினால் மூடிக்கொண்டு உங்களை ஏமாற்றும்.

எப்படி அடுக்குவது? ஜப்பான் தேசத்தில் இதை ஒரு கலையாகவே வைத்திருக்கிறார்கள், இகெபானா என்று பெயர். அதுவும் சாமிக்குப் பூ வைப்பதில் முளைத்ததுதான். கியோத்தோ நகரத்துக் கோயில் ஒன்றைச் சேர்ந்த இகெனோபோ சென்கெய் என்ற துறவி அடுக்கிய பூவை ஜனங்கள் போட்டி போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தார்கள் என்று 1462-ம் ஆண்டுக் குறிப்பே இருக்கிறது. அவர்கள் கொஞ்சம் பூ வைத்து நிறைய இடம் விடுவார்கள். நமக்கு அடைசலாக வைத்தால்தான் திருப்தி. தஞ்சாவூர்க் கதம்பத்தைப் பாருங்கள், மரிக்கொழுந்தும் கனகாம்பரமும் மல்லிகையும் நெருக்கித் தொடுத்தால்தான் அது கதம்பம். நம்ம கண்ணுக்குப் பிடித்தபடி செய்வதில் தப்பில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். உயரமான தண்டு பாத்திரத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்கட்டும். மொட்டும் மெல்லிய பூவும் மேலே, கோழிக்கொண்டை போன்ற கனத்த பூ கீழே. மேல் கனத்தால் குடமே சாய்கிற மாதிரி தெரியும்.

தண்டு சாயாமல் நிற்க நகரத்துக் கடைகளில் பச்சை நிறப் பஞ்சுக்கட்டி விற்கிறார்கள். பிளாஸ்டிக் வகை, மண்ணில் மக்காது. நம்மிடம் அதைவிட நல்லது இருக்கிறது. தார் வெட்டிய வாழைமரத்தை ஒரு முழத் துண்டாக நறுக்கிப் படுக்க வையுங்கள். மூங்கில் குச்சியால் துளை போட்டுப் பூத்தண்டைச் செருகுங்கள். மரமே ஈரம், ஒரு பகல் தாங்கும். வெளியே தென்னங்குருத்தோ மாவிலையோ சுற்றினால் மரம் தெரியாது. வாழைக்கறை பட்டுவேட்டியில் பட்டால் போகாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அரளிப்பூ வைத்த குடத்துத் தண்ணீரைக் கழுநீர்த் தொட்டியில் ஊற்றாதீர்கள். அரளி இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். அலங்காரம் கலைத்த குப்பையில் அரளிக் கிளை இருந்தால் மாடு வாய் வைக்காத இடத்தில் புதையுங்கள். குழந்தை கைக்கு எட்டும் இடத்திலும் அரளி வேண்டாம்.

அதே பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம் நடந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டுதான் போனேன். அந்த அம்மாவோ விடியற்காலை நாலரை மணிக்கே டார்ச் லைட்டோடு கொல்லையில் நின்று, மருமகளிடம் வாளியைக் கொடுத்துச் சம்பங்கி வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "தார் எல்லாத்தையும் மாட்டுக் கொட்டகைப் பக்கம் தள்ளிட்டேன் தம்பி, போதுமா?" என்றார். வாசலில் வாழைத்துண்டில் வைத்த பூ சாயங்காலம் நலங்கு வரைக்கும் நின்றது. பூக்காரத் தெருவிலிருந்து வந்தது மணமாலை இரண்டு மட்டும். ஹெலிகோனியாவில் ஒரு தண்டு அப்போதும் கருத்துப்போயிருந்தது. யாரோ ஐஸ் பெட்டி மேல் சாய்த்து வைத்திருக்கிறார்கள்.

சம்பங்கிக் கிழங்கு ஊன்ற ஆனி, ஆடி நல்ல பருவம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். அதனால் கொல்லையில் மேடான பக்கமாகப் பார்த்து, பார் அணைத்து ஊன்றுங்கள். வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, கிழங்குக்குக் கிழங்கு முக்கால் அடி விடலாம்.