பஸ்ஸோடு போட்டி போடும் பாட்டு

நேற்று பஸ்ஸில் கேட்டுக்கொண்டு வந்த பாட்டைக் காலையில் வீட்டில், வால்யூமைத் தொடாமல், மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள். தூக்கிவாரிப் போடும். இன்ஜின் உறுமலை மீறிக் கேட்க வேண்டுமென்று நாமே படிப்படியாக ஏற்றிய சத்தம் அது.

உட்செவியில் நத்தை ஓடுபோலச் சுருண்ட குழல் ஒன்று இருக்கிறது. பெயர் காக்ளியா. பிரித்து நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர்தான். அதற்குள் திரவமும், உச்சியில் நுண்ணிய மயிரிழைகள் கொண்ட ஏறக்குறைய 15,000 செல்களும் இருக்கின்றன. ஒலி வந்தால் திரவம் அசையும். இழைகள் காற்றில் நெற்பயிர்போலச் சாயும். அந்தச் சாய்வு மின்சமிக்ஞையாகி மூளைக்குப் போகும். கல்யாண வீட்டு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்த இரவு காது அடைத்து 'ஙொய்' என்று இரைகிறதே, அது பயிர் படுத்த நிலை. பெரும்பாலும் மறுநாள் நிமிர்ந்துவிடும். அடிக்கடி படுக்கவைத்தால் செல்லே செத்துப்போகும். கோழிக்கு அது மறுபடி முளைக்கும், நமக்கு முளைக்காது.

டெசிபல் கணக்கு கொஞ்சம் விஷமமானது. மூன்று டெசிபல் கூடினால் காதில் இறங்கும் ஒலியாற்றல் இரட்டிப்பாகிறது. பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 83 ஆனால் 20 மணி நேரம். 86 ஆனால் 10. 90ஐத் தொட்டால் வாரத்துக்கே நான்கு மணி நேரம்தான். தினமும் பஸ்ஸில் போய்வருகிறவருக்கு இரண்டு மூன்று நாளில் அது தீர்ந்துவிடும்.

ஆகவே அடக்க வேண்டியது வெளி இரைச்சலை. காதுக்குள் சரியாகப் பொருந்தும் இயர்போன் ரப்பர் முனையே பாதி வேலையைச் செய்துவிடும். இரைச்சல் நீக்கும் ஹெட்போன் இன்னொரு படி மேலே போகிறது. 1978இல் விமானப் பயணத்தின்போது ஒலிப் பொறியாளர் அமர் போஸுக்குத் தோன்றிய யோசனை அது: மைக் வெளிச்சத்தத்தைப் பிடிக்க, கருவி அதற்கு நேர் எதிரான அலையை எழுப்பும், மேடும் பள்ளமும் சேர்ந்து சமமாகிவிடும். இன்ஜினின் சீரான உறுமலுக்கு இது அபாரம். திடீர் ஹாரனிடம் அவ்வளவாகப் பலிக்காது. என்றாலும் சாலையைக் கடக்கும்போது கழற்றிவிடுவதே புத்திசாலித்தனம்.

செலவில்லாத வழியும் உண்டு. வால்யூமை வீட்டின் அமைதியிலேயே முடிவுசெய்து, பஸ்ஸில் அதற்கு மேல் ஏற்றாமலிருப்பது. எனக்கு முதல் வாரம் பாட்டு பாதிதான் கேட்டது, பிறகு பழகிவிட்டது.

இரைச்சல் தின்ற காதில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. ச, த, க போன்ற மெய்களின் கூர்மை மங்கும். "பேசுறது கேக்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல" என்பார்கள். காது மருத்துவரிடம் போனால், பரிசோதனைத் தாளில் சீராக வந்த கோடு சரியாக அந்த இடத்தில் ஒரு பள்ளமாக இறங்கியிருக்கும்.