வீரிய ஒட்டு விதையும் பரவும் அலையும்

விளைந்த நெல்லில் மணி திரண்ட கதிர்களைப் பொறுக்கி, அடுத்த போகத்திற்கு விதையாக எடுத்து வைப்பது நம் விவசாயிகளின் தொன்றுதொட்ட வழக்கம். எங்கள் வட்டாரத்து விவசாயி ஒருவரும் அவ்வாறே செய்தார். முதல் போகத்தில் வீரிய ஒட்டு நெல் அவருக்கு நல்ல மகசூல் தந்தது. அதே நெல்லை விதைத்து மறு போகம் நட்டபோது, பயிர் ஒரு சீராக இல்லை. சில தூர்கள் நெட்டையாகவும், சில குட்டையாகவும் நின்றன. ஒரு பக்கம் கதிர் முற்றியபோது மறுபக்கம் பூத்துக்கொண்டிருந்தது. பல கதிர்கள் பதராயின. விதை விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றும், நிலம் சத்திழந்துவிட்டது என்றும் கருதி, அவர் என் அலுவலகத்திற்கு வந்தார். விற்றவர் மீதும் குற்றமில்லை, நிலத்தின் மீதும் குற்றமில்லை. குற்றம் எங்கே என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் தெளிவாக அறிந்துகொள்வது அவசியம்.

சில நாட்களுக்குப் பின் அலுவல் நிமித்தம் சென்னை சென்றிருந்தேன். மாலையில் மயிலாப்பூர் தெப்பக்குளத்தின் படியில் அமர்ந்திருந்தபோது, சிறுவர்கள் நீரில் கல் எறிந்து விளையாடினார்கள். வளையமாக எழுந்த அலை விரிய விரியத் தணிந்து மறைந்தது. இரண்டு கற்களின் அலைகள் ஒன்றையொன்று கடந்து தத்தம் வழியே சென்றன. இது ஒரு வகை அலை. வைக்கோல் பரப்பிய களத்தின் ஓரத்தில் தீப்பொறி விழுந்தால் எழுவது வேறு வகை அலை. அது செல்லச் செல்லத் தணிவதில்லை. எரிவதற்குப் பொருள் உள்ளவரை ஒரே வேகத்தில் முன்னேறும். அது கடந்து சென்ற இடத்தில் மேலும் எரிய ஒன்றுமிராது. எதிரெதிராக வரும் இரு தீக்கள் சந்தித்தால் இரண்டும் அவிந்துவிடும். தன்னைத் தானே வளர்த்துக்கொண்டு ஓர் எல்லையில் நின்றுவிடும் இத்தகைய அலைகளை ஆராயும் கணக்குகளையே நேரியலற்ற அலைச் சமன்பாடுகள் என்பர்.

இக்கணக்கு பயிருக்கும் பொருந்தும். 1937-இல் ஆங்கிலேய அறிஞர் ஆர்.ஏ. ஃபிஷர், கடற்கரை போல் நீண்டு கிடக்கும் ஓர் இடத்தில் வாழும் உயிரினங்களுள் ஒரு நல்ல மரபணு தோன்றினால் அது எவ்வாறு பரவும் என்று கணக்கிட்டார். அது தீயின் முகப்பைப் போல ஒரே சீரான வேகத்தில் முன்னேறும் என்பது அவர் கண்ட முடிவு. அதே ஆண்டில் மாஸ்கோவில் கோல்மகோரவும் அவருடைய சகாக்கள் இருவரும் இதே சமன்பாட்டை ஆராய்ந்தனர்.

அலையின் வேகத்தை இரண்டு காரியங்கள் நிர்ணயிக்கின்றன. ஒன்று, அந்தக் குணம் ஒவ்வொரு தலைமுறையிலும் எவ்வளவு பெருகுகிறது என்பது. மற்றொன்று, விதையோ மகரந்தமோ எவ்வளவு தூரம் நகர்கிறது என்பது. நகரும் தூரம் இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கும். ஆனால், பெருக்கத்தைக் கொண்டு வேகத்தை இரட்டிப்பாக்க, அது நான்கு மடங்காக வேண்டும். ஆகவே, நல்லதாயினும் தீயதாயினும், பரவுவதில் விதையின் பயணத்திற்கு மிகுந்த பங்கு உண்டு.

இதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. திருவள்ளூருக்கு அருகிலுள்ள திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம். 6 என்ற ரகம் குருத்துப்பூச்சியைத் தாங்கும் தன்மை உடையது. அதைப் பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு பெற்றோராகக் கொண்டு ஐ.ஆர். 20 ரகத்தை உருவாக்கி 1969-இல் வெளியிட்டனர். அது திரும்பித் தமிழ்நாட்டுக்கு வந்து வயல்களில் பரவியது. வரப்புக்கு வரப்பு நகர வேண்டிய அலை கடலைத் தாண்டிச் சென்று மீண்டது. ஐ.ஆர். 20 பல தலைமுறைகள் தேர்ந்தெடுத்து நிலைப்படுத்திய ரகம். அதன் விதையை எடுத்து வைத்து விதைத்தாலும் குணம் மாறுவதில்லை.

வீரிய ஒட்டின் நிலைமை வேறு. 1994-இல் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ.ஆர்.எச். 1 என்ற வீரிய ஒட்டு நெல்லை வெளியிட்டது. இத்தகைய நெல்லின் வலிமை தனியொரு மரபணுவில் இல்லை. இரு வேறு பெற்றோரின் மரபணுக்கள் ஒரே செடியில் இணைந்து நிற்கும் சேர்க்கையில் இருக்கிறது. அச்செடி தானே விதை உண்டாக்கும்போது அந்த இணைகள் பிரிந்துவிடுகின்றன. ஓர் இணையை மட்டும் எடுத்துக்கொண்டால், மறு தலைமுறையில் பாதிச் செடிகளில்தான் சேர்க்கை நிலைக்கும். கால் பங்கு ஒரு பெற்றோரையும், கால் பங்கு மற்றதையும் ஒத்திருக்கும். பத்து இணைகள் இருப்பதாகக் கொண்டால், அத்தனை சேர்க்கையும் குலையாத செடி சராசரியாக 1,024-இல் ஒன்றே. எங்கள் விவசாயியின் வயலில் நெட்டையும் குட்டையும் பதரும் தோன்றிய காரணம் இதுவே.

எனவே, வீரிய ஒட்டின் வலிமை விதை வழியே தானாகப் பரவும் அலை அன்று. போகந்தோறும் புதிதாக மூட்ட வேண்டிய அடுப்பு. கரும்பு இதற்கு ஒரு விலக்கு. கோயம்புத்தூரில் நாணல் வகைக் காட்டுக் கரும்பையும் நாட்டுக் கரும்பையும் கலந்து உருவாக்கிய கோ. 205, 1918-இல் வெளியிடப்பட்டது. அதுவும் ஒட்டுப் பயிரே. ஆயினும் நாம் கரும்பை விதையிட்டு வளர்ப்பதில்லை, கரணையையே நடுகிறோம். கரணையில் மரபணுச் சேர்க்கை பிரிவதில்லை. ஆகவே குணமும் குலைவதில்லை.

மற்றோர் ஆபத்தையும் கவனிக்க வேண்டும். வீரிய ஒட்டு வயலில் எல்லாச் செடிகளும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு நோய் அவற்றுள் ஒன்றைப் பற்றினால், மற்றவை யாவும் அதற்கு உலர்ந்த வைக்கோலாகும். 1965-இல் பஞ்சாபில் வெளியான எச்.பி. 1 என்ற வீரிய ஒட்டுக் கம்பு பல மாநிலங்களில் மிகுந்த பரப்பில் பயிரிடப்பட்டது. 1970-களில் அடிச்சாம்பல் நோய் வட இந்தியாவின் கம்பு வயல்களைக் கடுமையாகத் தாக்கியது. நல்ல குணத்தின் அலையைச் சொல்லும் அதே கணக்கு நோயின் அலையையும் சொல்கிறது. இடையிடையே வேறு ரகங்கள் இருக்குமாயின், தீக்கு நடுவே வெட்டிய வாய்க்காலைப்போல அவை நோயின் வேகத்தைக் குறைக்கும்.

இத்தகைய கணக்கும் பயிராராய்ச்சியும் சென்னையில் அண்டை வீட்டாராக இருப்பது மகிழ்ச்சிக்குரியது. மயிலாப்பூரில் தம் இல்லமாகிய ஏகாம்ர நிவாஸில் பேராசிரியர் அல்லாடி ராமகிருஷ்ணன் நடத்திய கருத்தரங்குகளிலிருந்து கணித அறிவியல் நிறுவனம் 1962-இல் தோன்றியது. அதற்குத் துணை நின்ற அந்நாளைய கல்வியமைச்சர் சி. சுப்பிரமணியமே பின்னர் மத்திய உணவு, விவசாய அமைச்சராகிப் பசுமைப் புரட்சிக்கு வழிகோலினார். அடையாற்றை அடுத்த தரமணியில் இன்று அந்நிறுவனமும், 1988-இல் நிறுவப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சிறிது தூரத்திலேயே அமைந்துள்ளன.

இனி நாம் செய்யத்தக்கவை யாவை? விதை வாங்கும்போது அது ரகமா, வீரிய ஒட்டா என்பதை அட்டையில் படித்தறிய வேண்டும். நீல நிற அட்டை சான்று விதை என்பதையே காட்டும். இரண்டில் எது என்பதை அதன் நிறம் சொல்லாது. வீரிய ஒட்டாயின் போகந்தோறும் புது விதை வாங்கும் செலவை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். அச்செலவைத் தாங்க இயலாதவர் நல்ல ரகத்தை நடுவதே மேல். அதன் விதையைக் கலவன் நீக்கி எடுத்து வைக்கலாம். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பரிமாறவும் உழவருக்கு உரிமை அளிக்கிறது. வணிகப் பெயரிட்டு விற்பதற்கு மட்டும் அனுமதி இல்லை. பையையும் அட்டையையும் ரசீதையும் அறுவடை முடியும்வரை பத்திரப்படுத்துவது நலம். ஊர் முழுவதும் ஒரே ஒட்டை நடாதபடி பஞ்சாயத்துக் கூட்டத்தில் கலந்து பேசி, இரண்டு மூன்று ரகங்களாகப் பங்கிட்டுக்கொள்வதும் நலம்.

எங்கள் வட்டாரத்து விவசாயி இம்முறை பாதி நிலத்தில் ரகமும், பாதியில் புதிதாக வாங்கிய வீரிய ஒட்டும் நட்டிருக்கிறார். ரகத்தில் விளைந்ததை மட்டும் விதைக்கு எடுத்து வைப்பதாகச் சொன்னார்.