ரயில் கைவிட்ட பாதையில் சைக்கிள் சவாரி... ஸ்பெயின் திராட்சை மலைகளில் ஒரு சுற்று!

ஸ்பெயினில் தெர்ரா அல்தா பக்கம் சைக்கிள் ஓட்டப் போகிறவர்கள் ஹெல்மெட்டோடு மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டிய பொருள் ஒன்று உண்டு. டார்ச்! வெயில் கொளுத்தும் ஊரில், பட்டப்பகலில் டார்ச் எதற்கு என்றுதான் முதலில் தோன்றும். காரணம் இருக்கிறது. சுமார் 23 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதையில் மலையைக் குடைந்த சுரங்கங்கள் மட்டும் இருபது. திராட்சைத் தோட்டம், சுரங்கம், ஆற்றுப் பாலம், மறுபடியும் சுரங்கம் என்று வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும்.

சைக்கிளுக்காக யாரும் இப்படி மலையைக் குடைய மாட்டார்கள். இது ஒரு ரயில் பாதை.

ஸ்பெயின் ஒயின் என்றதும் பலரும் சொல்வது ரியோஹா பகுதியைத்தான். அங்கும் சைக்கிள் பாதைகள் இருக்கின்றன. ஆனால், ஒயினோடு சேர்த்து ஒரு மண்ணின் நூற்றாண்டு வரலாற்றையும் பார்க்க நினைப்பவர்களுக்கு, கட்டலோனியாவின் தென்மேற்கு மூலையில், அரகான் எல்லையை ஒட்டியிருக்கும் தெர்ரா அல்தாவைத்தான் கைகாட்டுவேன். பெயருக்கு ‘உயர்ந்த நிலம்’ என்று அர்த்தம். சின்னச் சின்ன ஊர்கள். திராட்சை, ஆலிவ், பாதாம் மூன்றும்தான் பிழைப்பு.

கடலைத் தொடாத ரயில்

அரகான் பகுதியின் விளைச்சலை மத்தியதரைக் கடலோரத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக ஒரு ரயில் வேண்டும் என்பது 19-ம் நூற்றாண்டுக் கனவு. ‘வால் தெ சஃபான்’ என்று அந்தத் தடத்துக்குப் பெயர். அரகானிலிருந்து புறப்பட்டு, சான் கார்லஸ் தெ லா ராபிதா துறைமுகத்தில் முடிய வேண்டும். 1895-ல் அல்கனிஸ் ஊர் வரை ரயில் வந்தது. அதோடு நின்றது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் இழுபறி.

கடைசியில் வேலையை வேகப்படுத்தியது வியாபாரம் அல்ல, போர். 1938-ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் மிகப் பெரிய சண்டை இந்த எப்ரோ ஆற்றங்கரையில்தான் நடந்தது. படைகளுக்கு ஆளும் ஆயுதமும் கொண்டுவரவும், காயம்பட்டவர்களை ஏற்றிச் செல்லவும் ஃபிராங்கோவின் தரப்பு தடத்தை அவசர அவசரமாக நீட்டியது. அதில் கைதிகளின் உழைப்பும் இருக்கிறது. போர் முடிந்து 1940-களின் தொடக்கத்தில்தான் தடம் தொர்தோசா நகரத்தைத் தொட்டது. அங்கிருந்து துறைமுகம் வரை ரயில் ஓடவே இல்லை.

1973-ல் ஒரு சுரங்கம் இடிந்து விழுந்தது. அதைச் சீர்செய்யச் செலவழிப்பதற்குப் பதில் பாதையையே மூடிவிட்டார்கள். அரை நூற்றாண்டு காத்திருந்து கிடைத்த ரயில், முழுத் தடத்திலும் ஓடியது முப்பது வருடங்கள்தான்.

இப்படிக் கைவிடப்பட்ட தடங்கள் ஸ்பெயின் முழுக்க இருக்கின்றன. 1993-ல் அவற்றை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஏற்ற ‘வியா வெர்தே’களாக, அதாவது பசுமைப் பாதைகளாக, மாற்றும் திட்டம் தொடங்கியது. இன்று அந்த நாட்டில் 3,000 கிலோமீட்டருக்கும் அதிகமான பசுமைப் பாதைகள் உள்ளன. ரயில் செங்குத்தாக ஏறாது என்பதால் ஏற்ற இறக்கம் மிதமாகவே இருக்கும். கார், லாரி கிடையாது. பத்து வயதுப் பிள்ளையும் அறுபது வயதுத் தாத்தாவும் சேர்ந்தே ஓட்டலாம்.

பிக்காசோ உடம்பு தேறிய ஊர்

ஆர்னெஸ் - யெதோ பழைய ஸ்டேஷனில் தொடங்குவது நல்லது. அங்கிருந்து எப்ரோ ஆற்றை நோக்கிப் பெரும்பாலும் இறக்கம். எதிர்த்திசையில் வருபவர்களின் முகத்தைப் பார்த்தாலே உங்கள் முடிவு எவ்வளவு சரி என்று தெரிந்துவிடும்!

முதலில் வரும் பெரிய ஊர் ஓர்த்தா தெ சான் ஜுவான். குன்றின் மேல் கல் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். 1898-ல், ஸ்கார்லெட் காய்ச்சலில் துவண்டுபோன ஒரு பதினாறு வயதுப் பையனை அவன் நண்பன் மனுவேல் பல்யாரெஸ் தன் சொந்த ஊரான இங்கே அழைத்து வந்தான். பையனின் பெயர் பாப்லோ பிக்காசோ. பல மாதங்கள் இங்கே தங்கினார். நண்பர்கள் இருவரும் மலைக்குப் போய் ஒரு குகையில் குடியிருந்து படம் வரைந்த கதையும் உண்டு. 1909-ல் புகழ் தொடங்கியிருந்த ஓவியராகத் திரும்பி வந்தபோது, இதே குன்று வீடுகளைப் பெட்டி பெட்டியாக, கோணம் கோணமாக வரைந்தார். கியூபிசம் என்ற பாணியின் முதல் படங்களில் அவையும் அடக்கம். ஊரில் பிக்காசோ மையம் ஒன்று இருக்கிறது. உள்ளே அசல் ஓவியம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் பிரதிகள். ஏமாற வேண்டாம். வெளியே வந்து, தூரத்திலிருந்து ஊரைத் திரும்பிப் பாருங்கள், அசல் அங்கே இருக்கிறது.

ஊருக்குப் பக்கத்தில் ‘லோ பரோத்’ என்ற மிகப் பழைய ஆலிவ் மரம் நிற்கிறது. அடிமரத்தின் முறுக்கைப் பார்க்கவே ஒரு நடை போய் வரலாம்.

போத் ஸ்டேஷனும் போரும்

அடுத்து போத். இந்த ஸ்டேஷன்தான் போர்க்காலத்தில் பரபரப்பாக இருந்தது. போர்முனைக்குப் பின்னால், வீரர்களும் தளவாடங்களும் வந்து இறங்கிய இடம். எப்ரோ சண்டை 1938 ஜூலை 25-ல் தொடங்கி நவம்பர் 16 வரை நீடித்தது. இன்று திராட்சைக் கொடிகள் வரிசைகட்டி நிற்கும் சரிவுகளில் பல்லாயிரக்கணக்கானோர் மடிந்தார்கள்.

பாதையை விட்டுச் சற்று விலகி, கந்தேசா ஊரைத் தாண்டிப் போனால் கொர்பேரா வரும். குண்டு வீச்சில் நொறுங்கிய பழைய ஊரை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். கூரையில்லாத சர்ச், சுவர் மட்டும் மிஞ்சிய வீடுகள். மக்கள் கீழே புது ஊர் கட்டிக்கொண்டு குடியேறிவிட்டார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் யோசிப்பார்கள். நான் கூட்டிப் போகத்தான் சொல்வேன். அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் சைக்கிளில் ஏறினால், சுரங்கத்தின் சுவர்கள் வேறு மாதிரி தெரியும்.

போத்தைத் தாண்டியதும் கனலெத்தெஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. பாதையின் அழகான பகுதி இதுதான். சுரங்கங்கள் அடுத்தடுத்து வரும். சில வளைந்து போவதால் மறுமுனை வெளிச்சம் தெரியாது. விளக்கு எரியும் என்று நம்ப வேண்டாம். வெயிலில் வேர்த்து வந்து உள்ளே நுழைந்ததும் சில்லென்று ஒரு காற்று அடிக்கும் பாருங்கள்... அதற்காகவே போகலாம். நடுவில் ஃபோன்த்கால்தா என்ற பழைய கோயில். வெந்நீர் ஊற்று என்பதுதான் பெயரின் பொருள். பேருக்கு ஏற்ற வெந்நீர் அல்ல, வெதுவெதுப்புதான். பாறைகளுக்கு நடுவே தேங்கும் ஆற்று நீரில் காலை நனைத்தால் தொடை வலி பாதி போய்விடும்.

ஒயினுக்கு ஒரு பேராலயம்

பினெல் தெ பிராய் ஸ்டேஷனோடு தெர்ரா அல்தா பகுதிப் பாதை முடிகிறது. ஊர் மேலே இருக்கிறது, மூச்சு வாங்க ஏற வேண்டும். ஏறத்தான் வேண்டும். ஏனென்றால், அங்கே ‘ஒயின் பேராலயம்’ இருக்கிறது.

19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஃபில்லாக்ஸெரா என்ற பூச்சி, வேரைத் தாக்கி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடியது. மீண்டு எழுந்த சிறு விவசாயிகளிடம் தனித்தனியாக ஆலை வைக்கக் காசு இல்லை. கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்தார்கள். அவர்களுக்குக் கட்டடம் கட்டித் தந்தவர் சேசர் மர்த்தினேல், புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் கௌதியின் மாணவர். இரும்பும் மரமும் விலை உயர்ந்திருந்த காலம். அதனால் செங்கல்லையே வில்லாக வளைத்து உயரமான கூடத்தை எழுப்பினார். வாசல் சுவரில் ஷவியெர் நோகெஸ் வரைந்த ஓட்டுச் சித்திரங்கள் ஓடுகின்றன. திராட்சை பறிப்பவர்கள், பிழிபவர்கள், நன்றாகக் குடித்துவிட்டுத் தள்ளாடுபவர்கள் என எல்லாரும் அதில் உண்டு. ராஜாவுக்கும் பிஷப்புக்கும் கட்டாமல், கடன்பட்ட குடியானவர்களுக்காக இவ்வளவு அழகாக ஒரு கட்டடம் கட்டியிருக்கிறார்கள் என்பதுதான் என்னை அசத்துகிறது. கந்தேசாவிலும் மர்த்தினேல் கட்டிய கூட்டுறவு ஒயின் கூடம் இருக்கிறது.

இங்கே விசேஷம் வெள்ளை கர்னாச்சா திராட்சை. உள்ளூர்க்காரர்கள் இதன் ருசிக்கு இரண்டு காற்றுகளைக் காரணமாகச் சொல்வார்கள். வடமேற்கிலிருந்து வறண்டு வரும் ‘சியெர்ஸ்’, கடல் பக்கமிருந்து ஈரத்தோடு வரும் ‘கர்பினாதா’. சைக்கிள்காரருக்கு இரண்டுமே எதிர்க்காற்றாக அமையலாம். மது தொடாதவர்களுக்கு ஆலிவ் எண்ணெயில் தோய்த்த ரொட்டி, வறுத்த பாதாம் போதும்.

தொடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்பெயினில் குடித்துவிட்டு ஓட்டினால் அபராதம் என்ற சட்டம் சைக்கிளுக்கும் பொருந்தும். 500 யூரோவில் தொடங்கும். ருசி பார்ப்பதைச் சாயங்காலத்துக்கு, தங்கும் ஊருக்கு வைத்துக்கொள்ளுங்கள். 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு எங்கேயும் ஹெல்மெட் கட்டாயம்.

ஏப்ரல், மே நல்ல மாதங்கள். திராட்சை அறுவடையைப் பார்க்க செப்டம்பர். ஜூலை, ஆகஸ்ட் வெயில் வேண்டாம். பார்சிலோனாவிலிருந்து தொர்தோசாவுக்கு ரயில் இருக்கிறது. அங்கிருந்து சைக்கிளோடு உங்களையும் வேனில் ஏற்றி ஆர்னெஸ்ஸில் விடும் வாடகைக்காரர்கள் உண்டு. முதல் நாள் இரவே பேசிவைத்துக்கொள்ளுங்கள். வழியில் கடைகள் குறைவு, தண்ணீர் நிறைய வேண்டும்.

பினெல்லுக்குப் பிறகும் பாதை நீள்கிறது. பெனிஃபாயெத்தில் எப்ரோ ஆறு கூட வந்து சேரும். ஷெர்த்தாவில் பழைய அணை, அப்புறம் ஆரஞ்சுத் தோப்புகள், கடைசியில் தொர்தோசா. மொத்தம் சுமார் 50 கிலோமீட்டர், அவசரமில்லாமல் இரண்டு நாள். தெம்பு மிச்சமிருந்தால் மூன்றாம் நாளும் ஆற்றை ஒட்டியே மிதிக்கலாம். எப்ரோ டெல்டாவின் நெல் வயல்களைத் தாண்டினால், அந்த ரயில் போய்ச் சேராத கடல் வரும்.