படிப்பு ஏறாத குழந்தையா, கற்பிக்காத பள்ளியா?

மூன்றாம் வகுப்புக்கு வந்தும் வாசிக்கத் தெரியாத சேரிக் குழந்தையைச் சுட்டி, ‘இதுக்கெல்லாம் படிப்பு ஏறாது’ என்று சொல்லப்படுவதை நாம் கேட்டிருக்கிறோம். கற்பித்தலின் தோல்வியைக் குழந்தையின் பிறப்பின்மீது சுமத்தும் தீர்ப்பு அது.

பேச்சு இயல்பாக வருகிறது. வாசிப்பைக் கற்பிக்க வேண்டும். ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பை எளியதிலிருந்து கடினத்துக்கு வரிசையாகக் கற்பித்து, ஒலிகளைக் கூட்டிச் சொல்லாக்கப் பழக்குவது ஒலிப்புமுறை. கண்ணால் கண்டு, காதால் கேட்டு, வாயால் ஒலித்து, விரலால் வரைந்து பயிலும்போது அது பல்புலன் வழியாகிறது. வாசிப்பில் இடர்ப்படுவது அறிவுக்குறைவின் அடையாளம் அன்று என்று கண்ட அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும், கல்வியாளர் அன்னா கில்லிங்ஹாமும் 1930களில் இவ்வழியை வளர்த்தனர். முறையான ஒலிப்புக் கற்பித்தல் பயன் தருகிறது என்று அந்நாட்டின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் அறிவித்தது.

தமிழுக்கும் இது தேவை. ‘க’ என்னும் ஒரே எழுத்து கடல், தங்கம், பகல் ஆகிய சொற்களில் வெவ்வேறாக ஒலிக்கிறது. ‘கெ’யில் பின்னால் ஒலிக்கும் எகரத்தின் குறி முன்னால் நிற்கிறது, ‘கொ’வில் குறி இருபுறமும் நிற்கிறது. வீட்டில் சொல்லித்தர ஆள் இருக்கும் குழந்தை இவற்றைக் கடந்துவிடும். முதல் தலைமுறையாகப் படிக்கவரும் குழந்தைக்குப் பள்ளியை விட்டால் வேறு வழியில்லை.

மணலில் விரலால் எழுதி உரக்கச் சொல்லும் வழக்கம் பழைய திண்ணைப் பள்ளிகளில் இருந்தது. அன்று முறை இருந்தது. பெரும்பாலும் நமக்கு நுழைவு இல்லை. இன்று நுழைவு இருக்கிறது. முறை எல்லா வகுப்பறைக்கும் வந்துசேரவில்லை.

இதைக் கேட்பது சலுகை அன்று, உரிமை. ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு, வேண்டிய கூடுதல் பயிற்சியை அளிப்பது ஆசிரியரின் கடமை என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. டிஸ்லெக்சியா போன்ற குறிப்பான கற்றல் குறைபாடுகளை விரைந்து கண்டறிந்து, அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. அதற்கான பயிற்சியை ஆசிரியருக்கு அளிக்கவேண்டியது அரசு.

அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். நம் பெற்றோருக்கும் விகிதாசாரப்படி இடமுண்டு. அடுத்த கூட்டத்தில் அவர்களோடு மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் துணைநின்று இரண்டு கேள்விகளைக் கேட்கச் செய்யுங்கள்: வாசிக்கத் தெரியாத குழந்தைகள் எத்தனை பேர்? அவர்களுக்கு எந்த முறையில் கற்பிக்கிறீர்கள்?