தட்டாமலே ஒலிக்கும் நோட்டு: எப்படி?

2005-இல் ஹார்மோனிக்ஸ் உருவாக்கி ரெட்ஆக்டேன் வெளியிட்ட 'கிட்டார் ஹீரோ' விளையாட்டின் கிட்டார் வடிவக் கன்ட்ரோலரில் கம்பியே கிடையாது. கழுத்தில் ஐந்து வண்ணப் பொத்தான்கள். உடல்பகுதியில் மேலும் கீழும் அசையும் ஒரு பட்டை. திரையில் நோட்டு கோட்டைத் தொடும் கணத்தில், உரிய பொத்தானை அழுத்தியபடி பட்டையைத் தட்ட வேண்டும்.

சில நோட்டுகளுக்கு மட்டும் தட்டவே வேண்டாம். ஏன்? நிஜக் கிட்டாரில் ஒருமுறை மீட்டிய கம்பி சற்று நேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். அப்போது இன்னொரு விரலை ஓங்கிப் பதித்தால் அதிரும் நீளம் குறைந்து சுருதி ஏறும்; விரலை எடுத்தால் இறங்கும். முன்னது ஹேமர்-ஆன், பின்னது புல்-ஆஃப். வீணையில் ஒரே மீட்டில் இடக்கை பல சுரங்களை எழுப்புவதும் இந்த மிச்ச அதிர்வை வைத்துத்தான்.

விளையாட்டும் இதை மதிக்கிறது. முந்தைய நோட்டைச் சரியாக வாசித்திருந்தால்தான் இந்தச் சலுகை. தவறவிட்டால் கம்பி அதிரவில்லை என்று கணக்கு. தட்டியே ஆக வேண்டும். அருமையான விதி இது!

கன்ட்ரோலரில் 'வேமி' என்ற பிடியும் உண்டு; நீண்ட நோட்டில் அதை ஆட்டினால் ஒலி நெளியும். கழுத்தை மேலே தூக்கினால் உள்ளிருக்கும் சாய்வுணரி 'ஸ்டார் பவர்' என்ற கூடுதல் புள்ளி நிலையை முடுக்கும்.

இதே யோசனையை வீணைக்கும் கொண்டுவரலாம். ஹைதராபாத்தில் கேம் ஸ்டுடியோக்கள் பல இருக்கின்றன. கமகத்தையும் ஒரு நோட்டு வகையாக்கி, வீணை வடிவக் கன்ட்ரோலர் ஒன்றை அவர்கள் செய்து பார்க்க வேண்டும்.